ரஜூலாவில் ஏறிய கிருமி

மலேசியாவில் வயிற்று நோய் பற்றி வந்த ஆய்வுக் கட்டுரை எதை எடுத்தாலும் ஓர் அட்டவணை இருக்கும்: மலாய்க்காரர், சீனர், இந்தியர். என் கண் நேரே மூன்றாவது வரிக்குத்தான் போகும். கோலாலம்பூரின் செந்தூலில் ஒரு பார்மசியில் வேலை பார்க்கிறேன். கவுண்டருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த வரிக்காரர்கள். "தங்கச்சி, கேஸ்திரிக் மருந்து ஒன்னு குடும்மா." கெவிஸ்கானா, ஒமெப்ரசோலா (இரண்டும் வயிற்று அமிலத்துக்கான மருந்துகள்) என்று கேட்டால், "எது சீக்கிரம் கேட்குமோ அது." கூடவே காரணமும் அவர்களே சொல்லிவிடுவார்கள். காலையில் பசியாறவில்லை, நேற்று நாசி லெமாக்கில் சம்பல் கூடிப்போச்சு.

சம்பல் மேல் பழி போடுவதில் எனக்கு நெடுநாள் கோபம். காரம் புண்ணை எரிய வைக்கலாம், ஆனால் அல்சரை உண்டாக்குவது அது இல்லை. இந்தக் கோபத்துக்கு ஆதாரம் தேடப் போய்த்தான் மலாயாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கோ கியான் லீயின் கட்டுரைகளைப் படிக்க ஆரம்பித்தேன். இரைப்பை, குடல் நோய்களில் மலேசியா பற்றி எதைத் தேடினாலும் அவர் பெயர் வந்து நிற்கும். வீட்டில் எல்லோரும் சீரியல் பார்க்கும் நேரத்தில் நான் இதைப் படிப்பது அம்மாவுக்குப் பெரிய மனக்குறை.

கதை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தொடங்குகிறது. 1982-இல் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இருவர் இரைப்பையில் வாழும் ஒரு சுருள் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். அமிலத்தில் ஒரு கிருமி பிழைக்கும் என்று பெரும்பாலோர் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. கிருமியின் பெயர் ஹெலிகோபேக்டர் பைலோரி. அல்சருக்கு முக்கியக் காரணம் சம்பல் இல்லை, இதுதான். யூரியாவை உடைத்து அமோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை மட்டுப்படுத்திக்கொண்டு வாழ்கிறது. பெரும்பாலும் சிறு வயதில், வீட்டுக்குள்ளேயே தொற்றுகிறது. பாட்டிமார் சோற்றை மென்று பிள்ளைக்கு ஊட்டுவார்களே, அதுவும் ஒரு வழி.

பெர்த்தில் கிடைத்த விடையை நம் ஊர்க் கேள்வியாக மாற்றியது கோவின் வேலை. மூன்று இனமும் ஒரே வெயிலில், ஒரே சந்தையில் வாங்கித் தின்று வாழும் நாட்டில் இந்தக் கிருமி ஏன் சமமாக இல்லை? 2001-இல் அவரும் நுண்ணுயிரியல் பேராசிரியர் பராசக்தி நவரத்தினமும் எழுதிய கட்டுரை, தீபகற்பத்திலும் கிழக்கு மலேசியாவிலும் இந்தக் கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை ரத்தத்தில் தேடிப் பார்த்தது. இந்தியரிடமும் சீனரிடமும் கிருமி அதிகம், மலாய்க்காரரிடம் மிகக் குறைவு. கிளந்தானில் நடந்த வேறு ஆய்வுகளிலும் வியக்கத்தக்க அளவுக்குக் குறைவு. கோவின் விளக்கம் எளிமையானது. கிருமி ஒவ்வொரு இனத்துக்குள்ளும், வீட்டு வட்டத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இனத்தை வைத்து உடம்பை வகுப்பது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. 'இந்தியர்' என்ற ஒரே வரியில் தமிழரும் தெலுங்கரும் மலையாளியும் சீக்கியரும் ஒன்றாகக் கிடக்கிறார்கள். ஆனாலும் அந்த வரி இல்லாவிட்டால் அடுத்த கேள்வியே பிறந்திருக்காது.

ஒவ்வொரு இனத்திடமும் இருக்கும் கிருமி எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்கு 2009-இல் பதில் வந்தது. இதை நான் மூன்று தடவையாவது படித்திருப்பேன். மலேசிய நோயாளிகளின் வயிற்றிலிருந்து எடுத்த கிருமிகளின் மரபணுக்களை ஓர் ஆய்வுக் குழு ஒப்பிட்டது, கோவும் அதில் ஒருவர். சீனரிடம் இருந்தவை பெரும்பாலும் கிழக்காசிய வகை. இந்தியரிடம் இந்திய வகை. மலாய்க்காரரின் கிருமிகளோ பெரும்பாலும் இந்தியரிடம் இருப்பவற்றோடு ஒத்துப்போயின. அவர்களுக்கு இது அண்மைக்காலத்தில் பிறரிடமிருந்து வந்து சேர்ந்தது என்பதே கட்டுரையின் முடிவு. மனிதன் ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்பியபோதே இந்தக் கிருமி கூடவே வந்தது என்று வேறு ஆய்வுகள் சொல்கின்றன. அப்படியானால் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியபோது மட்டும் விட்டுவிட்டா வந்திருக்கும்?

என் தாத்தா ரஜூலா கப்பலில் வந்தவர். கொண்டு வந்தது ஒரு தகரப் பெட்டி, இரண்டு வேட்டி, ஒரு முருகன் படம் என்று அடிக்கடி சொல்வார். பட்டியலில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். அதற்கப்புறம் ரப்பர் தோட்டத்து லயம் என்ற வரிசை வீடு, ஒரே அறையில் எட்டுப் பேர், ஒரே தண்ணீர்ப் பானை. கிருமிக்கு வேறென்ன வேண்டும்? தாத்தா வயிற்று வலிக்குச் சோடா உப்பைத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பார். ஆஸ்பத்திரியிலும் அப்போது பால் குடி, காரம் தொடாதே என்பார்கள், முற்றிவிட்டால் அறுவை. இன்றைக்கு அதே நோய்க்கு இரண்டு ஆண்டிபயாட்டிக்கும் ஓர் அமிலக் குறைப்பியும், ஒன்றிரண்டு வாரத்துக்கு.

இன்னொரு புதிர் உண்டு. இரைப்பைப் புற்றுநோயில் இந்தக் கிருமிக்குப் பங்கு உண்டு என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-லேயே அறிவித்துவிட்டது. அப்படியென்றால் கிருமி அதிகமுள்ள இந்தியருக்குத்தானே புற்றுநோயும் அதிகம் இருக்க வேண்டும்? இல்லை, இங்கே சீனருக்குத்தான் அதிகம். ஆய்வாளர்கள் இதை இந்தியப் புதிர் என்றே அழைக்கிறார்கள். கிருமியின் வகை வேறு, உணவு வேறு, உடம்பு வேறு என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. மஞ்சள்தான் காரணம் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், அவ்வளவு சுலபமாக முடிகிற விஷயம் இல்லை.

இதற்குள் நோயே முகம் மாறிவிட்டது. 1989-க்குப் பிறகான பத்தாண்டுகளின் எண்டோஸ்கோபிப் (குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்ப்பது) பதிவுகளைக் கோ குழு அலசியதில், முன்சிறுகுடல் புண் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அமிலம் மேலேறி உணவுக்குழாயைப் புண்ணாக்கும் நோயோ பல மடங்கு ஏறியிருந்தது. அதிலும் மூன்றாவது வரிதான் முன்னால். 2004-இல் வந்த இன்னொரு கட்டுரையில் இந்தியருக்கே அது கூடுதல். இதற்கு லயத்தைக் குறை சொல்ல முடியாது. இது இடுப்புச் சுற்றளவின் விவகாரம். இரவு பதினொன்றுக்கு மாமாக் கடையில் ரொட்டி சானாய், தே தாரிக், வீட்டுக்கு வந்ததும் படுக்கை. நெஞ்செரிச்சல் என்று மறுநாள் என்னிடம் வருகிறவர்கள் அப்போதும் கேட்பது "கேஸ்திரிக் மருந்து"தான்.

கிருமி இருப்பவர்களுக்கு 2011-இல் ஒரு நல்ல செய்தி இருந்தது. கோவும் பராசக்தியும் அந்த ஆண்டு வெளியிட்டதில், இங்குள்ள கிருமி மெட்ரோனிடசோல் என்ற ஆண்டிபயாட்டிக்குக்குச் சாகாத அளவுக்கு நன்றாகவே பழகிவிட்டிருந்தது, கிளாரித்ரோமைசின் என்ற இன்னொன்றுக்கு அப்போது அநேகமாக இல்லை. மருந்துகள் தொடர்ந்து வேலை செய்ய வேண்டுமென்றால் அவற்றை முழுதாக முடிக்க வேண்டும். வாயெல்லாம் இரும்புக் கசப்பு என்று நாலாம் நாளே நிறுத்திவிட்டு, மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைக்கும் ஆட்களை எனக்குத் தெரியும். முட்டி வலிக்கு டைக்லோஃபெனாக் விழுங்கிக்கொண்டே வயிற்றுக்கும் மருந்து கேட்கிறவர்கள் தனி ரகம். அந்த மாத்திரையும் அல்சர் வரவழைக்கும், கிருமியே தேவையில்லை.

கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் மூச்சுப் பரிசோதனைக்குப் போகிறீர்களா? யூரியா கலந்த நீரைக் குடிக்கச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்து ஊதச் சொல்வார்கள். கிருமி இருந்தால் யூரியா உடைந்த கரியமில வாயு மூச்சில் தெரியும், குழாய் விடும் வேலையில்லை. ஆனால் ஒமெப்ரசோலை இரண்டு வாரத்துக்கு முன்பும், ஆண்டிபயாட்டிக்கை நாலு வாரத்துக்கு முன்பும் நிறுத்தியிருக்க வேண்டும், டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான். இல்லாவிட்டால் கிருமி அடங்கிக் கிடக்கும், சோதனையில் இல்லை என்று வரும், மூன்று மாதம் கழித்து மறுபடி என் கவுண்டருக்கு வருவீர்கள்.