பாப்கேட் ஹைட்ராலிக்: பம்பை இறக்கும் முன்

முன்னால் பக்கெட் வைத்து மண் அள்ளும் சிறிய வண்டியான ஸ்கிட் ஸ்டீர் லோடர் எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் நம் ஊரில் அதன் பெயர் பாப்கேட்தான். அந்த வண்டி இழுக்கவில்லை என்றதும் "பம்பு போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கழற்றி இறக்கும் பம்புகளில் பல உண்மையில் நன்றாகத்தான் இருக்கின்றன. நிஜமாகவே போயிருந்தாலும், அதைக் கொன்ற காரணம் சிஸ்டத்துக்குள் அப்படியே இருக்கும். புதுப் பம்பும் அதே வழியில் போகும்.

முதலில் உள்ளே இருப்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த வண்டியில் எல்லாமே ஆயில் அழுத்தத்தில்தான் ஓடுகிறது: பம்பு தள்ளும் ஆயில் ஹைட்ராலிக் மோட்டாரைச் சுற்றும், மோட்டார் சக்கரத்தைச் சுற்றும். இடப்பக்கச் சக்கரங்களுக்கு ஒரு பிஸ்டன் பம்பு, வலப்பக்கத்துக்கு இன்னொன்று. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஷாஃப்டில் சுற்றும். ஆர்ம் (பக்கெட்டைத் தூக்கும் கை), பக்கெட், முன்னால் மாட்டும் அட்டாச்மென்ட் ஆகியவற்றுக்குத் தனியாக ஒரு கியர் பம்பு. இவை தவிர சார்ஜ் அழுத்தம் என்று ஒன்று உண்டு. பல வண்டிகளில் 20 முதல் 30 பார் (அழுத்த அலகு) அளவில் இருக்கும் இதுதான் டிரைவ் பம்புகளுக்கு எப்போதும் ஆயில் ஊட்டிக்கொண்டிருக்கிறது. இது குறைந்தால் எவ்வளவு நல்ல பம்பும் பட்டினி கிடந்து தேயும்.

இந்த அமைப்பு மனதில் இருந்தால் பாதி நோயை ஸ்பேனர் எடுக்காமலே கண்டுபிடிக்கலாம். ஆர்ம் நன்றாகத் தூக்குகிறது, ஆனால் இரண்டு பக்கச் சக்கரமும் இழுக்கவில்லை என்றால், ஆயில் அளவு, ஃபில்டர், சார்ஜ் அழுத்தம் என்ற வரிசையில் பாருங்கள். இரண்டு பம்பும் ஒரே நாளில் சேர்ந்து போவது அபூர்வம். காலையில் சார்ஜ் அழுத்தம் சரியாக இருந்து, ஆயில் சூடேறிய பிறகு இறங்கினால், பம்புக்கோ மோட்டாருக்கோ உள்ளேயே ஆயில் கசிகிறது என்று அர்த்தம்.

ஒரு பக்கம் மட்டும் இழுக்கவில்லை என்றால் லீவரிலிருந்து பம்புக்குப் போகும் இணைப்புக் கம்பிகளை (லிங்கேஜ்) தான் முதலில் பார்க்க வேண்டும். அது தேய்ந்து முழு ஸ்ட்ரோக் கிடைக்காமல் போவது சாதாரணம். அது சரியாக இருந்தால், ஹோஸ் நீளம் இடம் கொடுக்கும் வண்டிகளில், பம்பிலிருந்து மோட்டாருக்குப் போகும் ஹோஸ்களை இடம் வலம் மாற்றி மாட்டிப் பாருங்கள். சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். கோளாறு மறுபக்கத்துக்குப் போனால் பம்பு. அதே பக்கத்தில் நின்றால் மோட்டார், பிரேக் அல்லது சக்கரத்தைச் சுற்றும் செயின் இருக்கும் பெட்டி (செயின் கேஸ்). அரை நாள் வேலைதான், ஆனால் தேவையில்லாமல் ஒரு பம்பு வாங்குவதைத் தடுத்துவிடும்.

வண்டி நன்றாக ஓடி, ஆர்மும் பக்கெட்டும் மட்டும் பலவீனமாக இருந்தால் கியர் பம்பைக் குறை சொல்வதற்கு முன் மெயின் ரிலீஃப் வால்வைப் பாருங்கள், அழுத்தம் எல்லை மீறினால் திறந்து ஆயிலைத் திருப்பிவிடும் வால்வு அது. அதன் சீட்டில் மண்துகள் ஒன்று மாட்டினாலே அழுத்தம் கிடைக்காது. 400 பார் வரை காட்டும் கேஜ் ஒன்றை அட்டாச்மென்ட் ஹோஸ் மாட்டும் கப்ளரில் மாட்டி, அந்த லைனை இயக்கி, முழு திராட்டிலில் படியுங்கள். பெரும்பாலான வண்டிகளில் 200 முதல் 240 பாருக்குள் வரும். சரியான எண்ணை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நொடிக்கு மேல் பிடிக்காதீர்கள், ஆயில் வேகமாகச் சூடேறும்.

பக்கெட் மட்டும் தானாக இறங்கினால் சிலிண்டர் சீலா, வால்வா என்று இப்படிப் பிரிக்கலாம். ஆர்மைத் தரையில் இறக்கி, பக்கெட்டைப் பின்னால் முட்டும் வரை சாயுங்கள். எஞ்சினை அணைத்து அழுத்தத்தை இறக்கிவிட்டு, பக்கெட்டைச் சாய்க்கும் டில்ட் சிலிண்டரின் அடிப்பக்க ஹோஸைக் கழற்றுங்கள். ஹோஸ் முனையை பிளக் போட்டு மூடி, சிலிண்டர் போர்ட்டைத் திறந்து வைத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்து மறுபடி அதே திசையில் லீவரைக் கொடுங்கள். திறந்த போர்ட்டில் ஆயில் நிற்காமல் வந்தால் பிஸ்டன் சீல் போய்விட்டது. வராவிட்டால் வால்வு பக்கம் போங்கள். ஒரு சிலிண்டருக்கு சீல் கிட் போடும்போது மற்றதற்கும் போட்டுவிடுவதே நல்லது, இரண்டும் ஒரே மணிக்கணக்கில் உழைத்தவை. ராடை நகத்தால் தடவிப் பாருங்கள். கீறலில் நகம் மாட்டினால் புது சீலையும் அது அறுத்துவிடும்.

இனி, ஏன் கெடுகிறது என்பது. அழுக்கு, சூடு, காற்று, தண்ணீர், இந்த நான்குதான். இவற்றில் அழுக்கைப் பெரும்பாலும் நாமேதான் உள்ளே விடுகிறோம். கடையில் வாங்கும் புது ஆயில் டின்னும் சுத்தம் என்று நம்ப வேண்டாம், ஃபில்டர் வைத்த பம்பில் ஊற்றுவதுதான் முறை. மண்ணில் கிடந்த புனலும், பனியன் வேஸ்டும் ஹைட்ராலிக் வேலைக்கு ஆகவே ஆகாது. பனியன் வேஸ்டின் நூல் ஒன்று உள்ளே போனால் நேராக ஸ்பூலிலோ (ஆயிலின் வழியை மாற்றும் வால்வு தண்டு) ரிலீஃப் வால்விலோ போய் மாட்டும். நூல் உதிராத துணி வையுங்கள். அட்டாச்மென்ட் மாற்றும் ஒவ்வொரு முறையும் கப்ளரின் இரு முகங்களையும் துடையுங்கள். பத்து நொடி வேலை. இதை ஒழுங்காகச் செய்யும் ஆபரேட்டருக்குச் சம்பளம் கூட்டிக் கொடுக்கலாம்.

சூடு இந்த வண்டிக்கே உரிய பிரச்சினை. சாதாரண பாப்கேட்டின் கியர் பம்பே நிமிடத்துக்கு 60, 70 லிட்டர் தள்ளும். டேங்கோ மிகச் சிறியது. ஆயில் ஆற நேரமே இல்லாமல் நிமிடத்துக்குப் பல தடவை சுற்றுகிறது. 82 டிகிரியைத் தாண்டினால் சீல்கள் இறுகத் தொடங்கும், ஆயிலும் சீக்கிரம் கெடும். கூலரில் அடைந்த தூசியை ஃபேன் காற்று வரும் திசைக்கு எதிர்த்திசையில் ஊதுங்கள். நிலக்கரி, உரம், தவிடு போன்ற சரக்கில் ஓடும் வண்டி என்றால் தினமும் ஊத வேண்டும். கான்கிரீட் உடைக்கும் பிரேக்கர் மாட்டினால் அதற்கு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தேவை என்பதையும் பாருங்கள். 40 லிட்டர் பிரேக்கருக்கு 70 லிட்டர் கொடுத்தால் மிச்சம் எல்லாம் சூடாகத்தான் மாறும்.

ஆயில் வெளுத்திருந்தால், காரணம் காற்றா தண்ணீரா என்பதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிரித்துவிடலாம். ஆயிலைப் பிடித்துச் சில நிமிடம் வையுங்கள். வெண்மை தெளிந்துவிட்டால் காற்று: டேங்கிலிருந்து பம்புக்கு ஆயில் இழுக்கும் சக்ஷன் ஹோஸின் கிளாம்பு, ஆயில் அளவு பாருங்கள். பால் போலவே நின்றால் தண்ணீர். வாட்டர் வாஷ் பைப்பை டேங்க் மூச்சுவிடும் காற்றுத் துளையான பிரீதர் மேல் நேராக அடிப்பதுதான் இதற்கு வழக்கமான காரணம். அந்தப் பிரீதர் அடைத்தாலும் ஆபத்து. டேங்கில் வெற்றிடம் உண்டாகி பம்பு ஊளையிடும், அந்தச் சத்தத்துடன் ஓட்ட ஓட்ட உள்ளே உலோகம் அரிக்கும்.

ஆயில் வகையில் மேனுவல் சொல்வதே இறுதி. சில வண்டிகளுக்கு விஜி 46 அல்லது 68 (ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்) ஹைட்ராலிக் ஆயில், சிலவற்றுக்கு எஞ்சின் ஆயில். இரண்டையும் கலக்காதீர்கள். அளவு பார்க்கும்போது ஆர்ம் கீழே, பக்கெட் தரையில் சமமாக, எஞ்சின் அணைந்து இருக்க வேண்டும்.

உயிர் சம்பந்தப்பட்டது இரண்டு. ஆர்மைத் தூக்கி வைத்து வேலை செய்தால் ஆர்ம் விழாமல் தாங்கும் ஆர்ம் சப்போர்ட்டைப் போடாமல் கீழே தலையை விடாதீர்கள். ஹோஸில் ஊசித்துளை லீக்கைக் கையால் தடவித் தேடாதீர்கள், அட்டையை நீட்டிப் பாருங்கள். தோலுக்குள் பாய்ந்த ஆயில் வெளியே சிறு புள்ளியாகத்தான் தெரியும். வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், தாமதித்தால் விரலையோ கையையோ இழக்க நேரும்.

பம்பு உண்மையிலேயே போய்விட்டது என்றால் பழைய ஃபில்டரை அறுத்து விரித்துப் பாருங்கள். பித்தளைத் துகள் என்றால் பிஸ்டன் பம்போ மோட்டாரோ தேய்ந்திருக்கிறது. கறுப்பு ரப்பர் என்றால் ஹோஸ் அல்லது சீல். உலோகத்துகள் இருந்தால் டேங்க், ஹோஸ்கள், மோட்டார் எல்லாம் கழுவ வேண்டும். கூலரின் நுண்குழாய்களை முழுதாகக் கழுவ முடியாது, புதிது போடுவதே நல்லது. டேங்கை மட்டும் காலி செய்தால் பழைய ஆயிலில் கணிசமான பங்கு சிலிண்டரிலும் ஹோஸிலும் தங்கிவிடும். புதுப் பம்பின் கேஸில் சுத்தமான ஆயில் நிரப்பிவிட்டே ஸ்டார்ட் செய்யுங்கள். சக்கரங்கள் ஸ்டாண்டில் தொங்க, ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு, சார்ஜ் அழுத்தம் நிலையாக நின்ற பிறகே லீவரைத் தொடுங்கள். 50 மணி நேரம் ஓடியதும் ஃபில்டரை மாற்றி, கழற்றியதை மறுபடி அறுத்துப் பாருங்கள்.