ஊர் ஊரா போய் எழுதணும்

பத்தாவது படிக்கும்போதே முடிவு பண்ணுனது, ஊர் ஊரா போய் அத எழுதுறதுதான் என் பொழப்புன்னு. இப்போ கோயம்புத்தூர்ல பில்லு போடுற வேலை, ஆனா அந்த ஆசை ஒரு நாள் கூட குறைஞ்சதில்ல.

ஏ.கே.செட்டியார நெனச்சா இப்பவும் சிலிர்க்குது. கோட்டையூர்க்காரர், ஊர் ஊரா போய் பயணக் கட்டுரை எழுதுனவர். 1937ல கப்பல்ல போகும்போது காந்தி பத்தி படம் எடுக்கணும்னு தோணிருக்கு, உடனே அந்த வேலையில எறங்கிட்டார். ஏறக்குறைய ஒரு லட்சம் மைல் அலைஞ்சு நாடு நாடா போய் 50,000 அடி பிலிம் சேத்து 1940ல படத்த வெளியிட்டப்போ அவருக்கு முப்பது வயசு கூட ஆகல! பயணத்த எழுதும்போது தன்ன பத்தி ரொம்ப கம்மியாதான் எழுதுவார், பாத்த மனுஷங்கதான் முக்கியம். எனக்கும் அப்படித்தான் எழுதணும்.

போன ஞாயித்துக்கிழமை பொள்ளாச்சில இருந்து வால்பாறை பஸ் ஏறிட்டேன். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவு, ஒம்பதாவது வளைவுலயே ஆழியார் டேம் மொத்தமும் கீழ தெரியுது, மேல போகப்போக குளிர் ஏறுது, பக்கத்துல தேயிலை பறிக்கிற ஒரு அம்மா, அட்டை கடிச்சா பிடிச்சு இழுக்காத கண்ணு, உப்பு வையின்னு சொல்லிக்குடுத்துட்டே வந்தாங்க. எல்லாத்தையும் நோட்ல எழுதிட்டேன், பஸ் குலுக்குனதுல பாதி எழுத்து கோணல்.

அடுத்து தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயல்ல ரயிலோட சேத்து ஊரே போச்சு. அங்க இப்பவும் மீன் பிடிச்சு வாழுறவங்க கூட ரெண்டு நாள் இருந்து, அவங்க சொல்றத கேட்டு எழுதணும். லீவு கேட்டாச்சு.