செயல்திட்டத் தேர்வு: மாதிரிக் கொதிகலனைக் காப்பாற்றிய உமிச்சாம்பல் அடுப்பு

போன வாரம் டிப்ளமோ இறுதிப் பருவ முடிவு வந்தது. செயல்திட்டத்தில் எனக்கு 94. முதல் மதிப்பாய்வில் என் கொதிகலன் நான்கு இடங்களில் கசிந்ததைப் பார்த்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். அன்று பாபநாசம் வரை பஸ்ஸில் யாரிடமும் பேசாமல் வந்தேன். அடுத்த ஆண்டு மாதிரிக் கொதிகலன் செய்யப்போகும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். அறிக்கை, வரைபடம் எல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது செம்பு மூட்டுகளைப் பற்றவைக்கும் அடுப்பைப் பற்றித்தான்.

கொதிகலனின் உடலான மூன்று அங்குலச் செம்புக் குழாயைக் கொல்லைச் சிமென்ட் தரையில் நிறுத்தி, பழைய செங்கல் நான்கைச் சுற்றி வைத்து, அதன் முனையை மூடும் தகட்டைப் பற்றவைக்கப் பார்த்தேன். அரை மணி நேரம் கேஸ் டார்ச் இரைந்தும் செம்பு மங்கிய சிவப்பைக்கூட எட்டவில்லை. சூட்டில் மூட்டு கருக்காமல் காக்கப் பூசும் ஃப்ளக்ஸ் கருத்து இறுகிவிட்டது. மூட்டை ஒட்டவைக்கும் வெள்ளிக் கலவையான வெள்ளிப் பற்றாசு தீயில் உருகியதே தவிர, மூட்டுக்குள் இறங்காமல் கடுகு கடுகாக உருண்டு விழுந்தது. பெரிய டார்ச் வாங்கக் கடன் கேட்கவும் தொடங்கிவிட்டேன்.

என் மாமா அரிசி ஆலையில் நெல் அவிக்கும் கொதிகலனுக்கு உமி தள்ளுகிறவர். பார்த்தவுடனே, "தீயைப் பெரிதாக்காதே மாப்பிள்ளை, சூடு ஓடுகிற வழியை அடை" என்றார். மறுநாள் ஒரு சாக்கு உமிச்சாம்பல் வந்து இறங்கியது.

கொத்தனார் ஒதுக்கிய அகன்ற இரும்புச் சட்டியில் மூன்று விரற்கடை சாம்பல். அதன்மேல் இன்சுலேஷன் செங்கல்லால் தளம், மூன்று பக்கச் சுவர், பாதிக் கூரை. 9 அங்குல நீளத்தில் பத்துக் கற்கள். ரஸ்க் போல எடையற்றவை, ரம்பத்தால் அறுபடும். கனமான ஃபயர் பிரிக் வாங்காதீர்கள். உருகாதுதான், ஆனால் சூட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். டார்ச் நீங்கலாக 1,100 ரூபாய் ஆனது.

சாம்பலைப் பார்த்து எடுங்கள். கருப்பாக இருந்தால் வேகாத கரி மிச்சமிருக்கிறது, கனன்று புகையும். வெளிறிய சாம்பல் பெரும்பாலும் சிலிக்கா, எரியாது. வெயிலில் நன்றாகக் காயவைத்து, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு கொட்டுங்கள்.

இந்த முறை மூட்டுப் பகுதியை மட்டும் சுடாமல் முழு உடலையும் சூடாக்கினேன். ஆறாவது நிமிடம் ஃப்ளக்ஸ் நீர்போலத் தெளிந்தது. பற்றாசுக் கம்பியை ஓரிடத்தில் தொட்டேன். தகட்டைச் சுற்றி வெள்ளிக்கோடு தானாக ஓடி முடிந்தது.

மற்றவை:
- ஃப்ளக்ஸாகப் பூசும் பட்டறை வெங்காரம் முழுதாக உருக 740 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். 55 சதவீத வெள்ளிப் பற்றாசு அதற்கு முன்பே உருகிவிடும். வெள்ளிப் பற்றாசுக்கென உள்ள ஃப்ளக்ஸ் வாங்குங்கள்.
- காட்மியம் கலந்த பற்றாசு கூடவே கூடாது. புகை நஞ்சு.
- சமையல் சிலிண்டரைத் தொடாதீர்கள். வணிகச் சிலிண்டர், உயர் அழுத்த ரெகுலேட்டர், திறந்த கொல்லை. எல்பிஜி காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தங்கும்.
- ஈரச் செங்கல், ஆற்றுக்கல் வெடிக்கும்.
- செம்பில் படிந்த கருநிறத்தை நீக்க சிட்ரிக் அமிலக் கரைசல் போதும்.

தேர்வன்று காற்று துளியும் தங்காமல் நீர் நிரப்பினேன். வேலை அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ. வெளித்தேர்வாளர் 4 வரை ஏற்றச் சொன்னார். பத்து நிமிடம் அழுத்தமானி முள் அசையவில்லை. "ஈயப் பற்று வைத்தால் என்ன?" என்று கேட்டார். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும், 2 கிலோ நீராவியே 133 டிகிரி, நீர்மட்டம் இறங்கினால் தகடு 183-ஐத் தாண்டிவிடும் என்றேன். தலையசைத்தார்.

அடுப்பை இன்னும் பிரிக்கவில்லை. பாபநாசம் பக்கம் இருப்பவர்கள் உங்கள் குழாயோடு வாருங்கள், சாம்பல் நிறைய இருக்கிறது.