சுண்டை வேரில் கத்தரி: நடவு, ஒட்டு, மாற்று

எடுத்துக்கொண்ட வேலை: இராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளி, மண்டபம் பக்கத்து மணலில் கத்தரியைச் சுண்டை வேரில் ஒட்டி நடுவது. காரணம் வேர்முடிச்சு நூற்புழு. மணல் பாங்கான நிலம் அதற்கு மிகவும் தோது. கத்தரி வேரில் மணிமணியாக முடிச்சு விழும். உச்சி வெயிலில் செடி தலை தொங்கும். தண்ணீர் விட்டாலும் நிமிராது. சுண்டை வேர் நூற்புழுவையும் பாக்டீரியா வாடலையும் நன்றாகத் தாங்கும்.

முதலில் சொல்லைப் பற்றி. நாற்றைப் பிடுங்கி நடுவதும் சிறுநீரகத்தை இன்னொருவர் உடலில் வைப்பதும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான், டிரான்ஸ்பிளான்ட். லத்தீன் வேர்ப்படி 'இடம் கடந்து நடுதல்'. தோட்டத்துச் சொல்லாக இருந்தது, 18-ஆம் நூற்றாண்டில் மருத்துவத்துக்கும் போனது. தமிழில் நடவு வேறு, ஒட்டு வேறு, மாற்று வேறு. நடவில் முழு உயிர் இடம் பெயர்கிறது. ஒட்டில் இரண்டு உயிர் சேர்கிறது. மாற்றில் ஒன்று போய் இன்னொன்று வருகிறது. இந்த வேலையில் ஒட்டும் நடவும் அடுத்தடுத்து வருவதால், இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டால்தான் செடி எந்தக் கட்டத்தில் தவறியது என்பது பிடிபடும்.

ஆடி முதல் வாரம், நாள் 0. சுண்டை விதைப்பு. சுண்டை விதைக்கு உறக்கம் அதிகம். 1 லிட்டர் தண்ணீருக்கு 200 மி.கி. ஜிப்ரலிக் அமிலம் (முதலில் சில சொட்டு ஸ்பிரிட்டில் கரைக்க வேண்டும், நேரே தண்ணீரில் கரையாது) கலந்து 24 மணி நேரம் ஊறவைத்து, 50 குழித்தட்டில் அரை செ.மீ. ஆழத்தில் விதைப்பு. ஊடகம்: தென்னை நார்க்கழிவு 3 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு. நார்க்கழிவை நல்ல தண்ணீரில் மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். கடலோரத்தில் உப்புத் தண்ணீரில் ஊறிய மட்டையிலிருந்து வரும் கழிவில் உப்பு தங்கியிருக்கும். முளை வந்ததும் இலை நுனி கருகினால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

கச்சான் (மேற்குக் காற்று) அடிக்கும் மாதம் இது. தட்டுக்கு மேற்கே பனைமட்டைத் தட்டி கட்டாவிட்டால் ஊடகம் மதியத்துக்குள் காய்ந்துவிடும்.

நாள் 20. கத்தரி விதைப்பு. இருவரும் ஒரே தடிமனுக்கு வருவதற்காகத்தான் இந்த இடைவெளி. ஒரே நாளில் விதைத்தால் கத்தரி முந்திவிடும்.

நாள் 55. ஒட்டு. இரண்டு தண்டும் 2 மி.மீ. அளவு. முந்தின மாலை இரண்டு தட்டுக்கும் நன்றாகத் தண்ணீர். ஒட்டும் காலையில் சுண்டைக்குத் தண்ணீர் கிடையாது. புதுப் பிளேடு, 10 செடிக்கு ஒருமுறை ஸ்பிரிட்டில் துடைப்பு. சுண்டையை மண்ணிலிருந்து 6 செ.மீ. உயரத்தில், விதையிலைக்கு மேலே, குறுக்கே வெட்டி நடுவில் 1 செ.மீ. ஆழத்துக்குப் பிளவு. கத்தரியில் இரண்டு மூன்று இலை விட்டு, பெரிய இலைகளைப் பாதியாக நறுக்கி, அடியை இருபுறமும் சீவி ஆப்பு. உள்ளே செருகி சிலிகான் கிளிப். வெட்டுப்பரப்பில் விரல் படக்கூடாது. தடிமன் ஒத்துவராவிட்டால் நடுவில் வைக்காமல் ஒரு ஓரத்துத் தோலையாவது நேராகச் சேர்க்க வேண்டும். தண்ணீர் போகும் திசுக்கள் பட்டைக்கு உட்பக்கம்தான் உருவாகின்றன.

அறுவை அரங்கில் தமனியையும் சிரையையும் தைத்து இணைத்த கணமே இரத்தம் ஓடும். இங்கே தைக்க வழியில்லை, நேராக வைக்க மட்டுமே முடியும். வெட்டிலிருந்து புதுத்திசு வளர்ந்து பாலம் கட்ட ஒரு வாரம் ஆகும். அதுவரை கத்தரித் தலைக்குக் குடிக்க வழியில்லை. உறுப்புக்கும் இதே அவசரம்: குளிரில் வைத்தாலும் இதயம் 4 முதல் 6 மணி நேரம்தான், சிறுநீரகம் ஒரு நாளுக்கு மேலும் தாங்கும். ஒட்டுக்குச்சிக்கு அந்த அவகாசமும் இல்லை. வெட்டியதிலிருந்து கிளிப் போடும் வரை ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். எல்லாக் குச்சியையும் சீவி வைத்துக்கொண்டு ஒட்ட உட்கார்ந்தால் பாதி வீண்.

நாள் 55 முதல் 65 வரை, கூண்டு. பாலித்தீன் கூடாரம், அடியில் தொட்டியில் தண்ணீர், ஈரப்பதம் 90 சதவீதத்தை ஒட்டி. முதல் மூன்று நாள் இருட்டு. வெப்பம் 30 டிகிரியைத் தாண்டக்கூடாது. ஆவணிக் கடைசியிலும் இங்கே வெயில் குறையாது, அதனால் கூடாரம் சுவருக்கு வடக்கு நிழலில், மேலே ஈரச் சாக்கு. தெளிப்பு பாலித்தீன் சுவரில் மட்டும். ஒட்டில் தண்ணீர் இறங்கினால் அழுகும். நான்காம் நாளிலிருந்து காலை 10 நிமிடம் திறப்பு, தினமும் கொஞ்சம் கூட்டி.

தவறுவது எப்போது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். முதல் நாளே தலை சரிந்தால் பிளவுக்குள் காற்று புகுந்திருக்கும் அல்லது ஆப்பு காய்ந்திருக்கும். ஐந்தாம் நாள் ஒட்டு கறுத்தால் தண்ணீர். கூண்டில் பச்சையாக இருந்து திறந்ததும் வாடினால் பாலம் முழுதாகவில்லை. மறுபடி மூடி இரண்டு நாள் பொறுக்கலாம். பொறுத்தால் பல செடிகள் மீளும்.

மனித உடலில் இதற்கப்புறம் வருவது நிராகரிப்பு. 1954-இல் பாஸ்டனில் ஜோசப் முர்ரே செய்த சிறுநீரக மாற்று பலித்ததற்கு, கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் உருவான இரட்டையர் என்பது முக்கியக் காரணம். இன்று மற்றவர்களுக்கு டாக்ரோலிமஸ் போன்ற, உடலின் எதிர்ப்பை அடக்கும் மருந்து நாள்தோறும் வேண்டும். செடிக்குள் அந்நியனைத் தேடித் திரியும் வெள்ளணு இல்லை. ஆனால் உறவு பார்க்கும். கத்தரியும் சுண்டையும் ஒரே சொலானம் பேரினம், அதனால் சேரும். மிளகாய் அதே குடும்பம்தான், பேரினம் வேறு. முண்டு மிளகாயைச் சுண்டையில் ஏற்றும் ஆசை இந்த மாவட்டத்தில் யாருக்கும் வரும். அது சரியாகப் பொருந்தாது. மிளகாய்க்கு மிளகாய் வேரே வேண்டும்.

'மாற்று' என்ற சொல்லும் சிறுநீரகத்துக்குச் சரியாகப் பொருந்தவில்லை. பழையவற்றைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. புதியதை இடுப்புக்குழியில் வைத்து அங்குள்ள இரத்தக் குழாய்களோடு தைத்து, சிறுநீர்க்குழாயைச் சிறுநீர்ப்பையில் சேர்க்கிறார்கள். பார்க்கப்போனால் அது ஒட்டு. இதயமும் கருவிழியும் வழக்கமாகப் பழையதை எடுத்துவிட்டுச் செய்யும் மாற்று.

புரட்டாசி கடைசி, நாள் 85. நடவு. முதல் நல்ல மழை மேல்மண் உப்பைக் கீழே இறக்கிய பிறகே. கத்தரி உப்புக்கு மெலிந்த பயிர். மண் சாற்றின் மின்கடத்துதிறன் (உப்பின் அளவைக் காட்டுவது) மீட்டருக்கு 1.1 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். 90 செ.மீ.க்கு 75 செ.மீ. இடைவெளி, ஓரடிக் குழி, குழிக்கு 2 கிலோ மட்கிய தொழு உரம், 100 கிராம் வேப்பம் புண்ணாக்கு. வரப்பின் உச்சியில் நடக்கூடாது, உப்பு ஏறிப் படிவது அங்கேதான். சரிவின் நடுவில் நட வேண்டும். மாலை நான்கு மணிக்கு மேல் நடவு, உடனே நட்ட தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், ஒரு வாரம் பனையோலை நிழல். குழித்தட்டு நாற்று வேர்க்கட்டியோடு இறங்குவதால் சீக்கிரம் பச்சை பிடிக்கும்.

ஒட்டு மண்ணுக்கு மேல் 5 செ.மீ.யாவது தெரிய வேண்டும். வழக்கம்போல மண் அணைத்தால் கத்தரித் தண்டே வேர் விடும், நூற்புழு அந்த வழியாக ஏறும், ஏறக்குறைய மூன்று மாத வேலை போய்விடும். மழை மண்ணை வாரி அடியில் குவிக்கும். ஒவ்வொரு கனமழைக்குப் பிறகும் கையால் விலக்க வேண்டும்.

கார்த்திகை. ஒட்டுக்குக் கீழே சுண்டைத் தளிர் வருகிறது. இலை அகலம், ஓரம் மடல்மடலாக, தண்டில் முள். வாரம் ஒருமுறை நகத்தால் கிள்ளினால் போதும். பென்சில் தடிமன் வரை விட்டால் சாறு அதற்கே போய், மேலே கத்தரி குன்றிவிடும். கிளிப் தானே விழாத செடிகளில் இப்போது கழற்றிவிட வேண்டும், தண்டு பருத்து இறுகத் தொடங்கியிருக்கும். வாடைக்கு முட்டுக்கொடுக்கும் குச்சியை ஒட்டுக்கு மேலும் கீழும் இரண்டு இடத்தில் கட்ட வேண்டும். ஒரே கட்டு என்றால் செடி முறிவது ஒட்டில்தான்.