மில் கேட்டுக்கு வெளியே

மூடிக்கிடக்கும் நூற்பாலைக்குள் புதிதாக நுழைகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். ரம்பப் பல்லாக ஏறி இறங்கும் கூரை, அதன் செங்குத்துப் பக்கமெல்லாம் வடக்கு பார்த்த கண்ணாடி. வெயில் நேராக விழாது, வெளிச்சம் மட்டும் இறங்கும். சேலத்துச் சித்திரையிலும் விளக்குப் போடாமல் வரைபடம் படிக்கலாம். கட்டடப் பொறியாளனான நான் முதலில் குனிந்து தரையைத்தான் பார்ப்பேன்.

நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் இயந்திரங்கள் நின்ற வரிசையில் தரை கறுத்திருக்கும். காலமெல்லாம் ஸ்பிண்டில் ஆயில் குடித்த தரை. அதன்மேல் டைல்ஸ் பிடிக்காது, கொத்தி எடுத்துவிட்டுத்தான் மறுவேலை. அதற்கும் கீழே, இழை அறுந்து போகாமலிருக்க ஈரக்காற்றைக் கொண்டுபோன கால்வாய்கள் ஓடும். கையில் கிடைக்கும் பழைய வரைபடங்களில் பெரும்பாலும் இவை இருக்காது. தெரியாமல் மேலே கிரேனை நிறுத்தினால் தரை உள்வாங்கும்.

அடுத்தது தூண். சிறிதாகத் துளையிட்டு பினாப்தலின் என்ற நிறங்காட்டிக் கரைசலைத் தெளிப்போம். கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறினால் அதில் காரத்தன்மை இன்னும் இருக்கிறது, உள்ளே கம்பி பத்திரம். நிறம் மாறாவிட்டால் காற்றிலுள்ள கரியமில வாயு அந்த ஆழம்வரை வேலையைக் காட்டிவிட்டது என்று பொருள். நான் பார்த்த மில்களில் நடுக்கூடத்துத் தூண்கள் நன்றாகவே சிவந்தன. இரண்டு கூரை சேரும் இடத்தில் மழைநீர் வாய்க்கால் ஒழுகி, அதை ஒட்டிய தூண்கள்தான் நோஞ்சானாக நின்றன. அவற்றைப் பழுது பார்க்க வழி உண்டு. "இடிச்சுட்டா சுலபம் சார்" என்று சொல்கிறவர்கள் தூணைப் பார்த்துச் சொல்வதில்லை, நிலத்தின் கைடுலைன் மதிப்பைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

அம்மாப்பேட்டை, குகை, பொன்னம்மாப்பேட்டைத் தறிகளெல்லாம் மில்லுக்கு மூத்தவை. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்து, 1937-இல் அங்கே மின் உற்பத்தியும் தொடங்கிய பிறகு இந்தப் பக்கம் ஆலைத் தொழிலுக்கு வேகம் பிடித்தது. மில் வந்தால் கேட்டுக்கு எதிரே ஒரு தெரு தானாக முளைக்கும். டீக்கடை, மெஸ், சைக்கிள் ஸ்டாண்டு, அடகுக்கடை, சம்பள நாளை நம்பிப் பற்று எழுதும் மளிகைக்கடை. மூன்று ஷிப்டுக்கும் கண் விழித்த தெரு அது.

அலுவலகத்தில் இந்த இரண்டுக்கும் தனித்தனி ஃபைல். மில் நிலம் உரிமையாளரோடு அல்லது நொடித்த கம்பெனியை விற்றுக் கணக்கு முடிக்கும் கலைப்பு அதிகாரியோடு போகிறது, தெரு மாநகராட்சியோடு போகிறது. 2016 திவால் சட்டப்படி, கலைப்புக்கு முந்தைய 24 மாதங்களுக்கான தொழிலாளர் பாக்கி, அடமான உரிமையை விட்டுக்கொடுத்து வரும் கடன் கொடுத்தவர்களுக்குச் சமமான வரிசையில் நிற்கும். அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் மளிகைக்கடைப் பற்றுநோட்டு எந்த வரிசையிலும் நிற்காது. இந்தப் பிரிவினைதான் எனக்குத் தொண்டையில் சிக்குகிறது.

மும்பைக் கதையை எடுத்துச் சொல்லாமல் மில் நிலத்தைப் பற்றி எங்கள் கூட்டங்களில் பேச முடியாது. 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு பல மில்கள் எழவேயில்லை. நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு பொதுவெளிக்கு, ஒரு பங்கு வீட்டுவசதிக்கு, ஒரு பங்கு உரிமையாளருக்கு என்று 1991-இல் விதி வந்தது. கட்டடம் இல்லாத காலியிடத்துக்கு மட்டும்தான் அந்தப் பங்கீடு என்று 2001-இல் திருத்தினார்கள், 2006-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. பொதுவெளி அதோடு சுருங்கியது. நம்மூரில் ஏற்காடு சாலையைப் பாருங்கள். 1935-இல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவில் முகப்பு வளைவுதான் மிச்சம். வளைவை மட்டும் வைத்துக்கொண்டு பாரம்பரியத்தைக் காப்பாற்றியாயிற்று என்று சொல்வது கொஞ்சம் கூசுகிறது.

பழைய கடைவீதிகளுக்கு ஆலோசகர்கள் வழக்கமாகக் கொண்டுவரும் மருந்து கிரானைட் நடைபாதையும் பித்தளை நிற விளக்குக் கம்பமும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் நடந்து பார்த்தால் நோய் வேறு என்று தெரியும். பழைய தாரைச் சுரண்டாமல் ரோட்டின் மேல் ரோடு போட்டு, கடை வாசற்படி ரோட்டுக்குக் கீழே போய்விட்டது. ஒரு மழைக்குச் சாக்கடைத் தண்ணீர் கல்லாப்பெட்டிவரை வரும். முதலில் பழைய தார் அடுக்கைச் சுரண்டி மட்டத்தை இறக்க வேண்டும். இதற்குத் திறப்பு விழா நடத்த முடியாது, அதனால் யாருக்கும் இதில் ருசி இல்லை.

இப்போது கையிலிருக்கும் வேலையில் மில் கூடத்தை இடிக்காமல் கடைகளும் அலுவலகங்களும் வரப்போகின்றன. உள்ளேயே ஃபுட் கோர்ட், சுற்றிலும் பழைய மதில் அப்படியே. எதிர்த்தெரு டீக்கடைக்காரர் என் வரைபடத்தை எட்டிப் பார்த்தார்.

"எல்லாமே உள்ளயே கெடச்சா எங்க கடைக்கு யாருங்க வருவாங்க? அந்தச் செவுத்துல ஒரு வழி விடச் சொல்லுங்க சார், போதும்."

மேற்கு மதிலில், அவர் கடைக்கு நேரே, ஆள் நடக்கும் அகலத்துக்கு ஒரு திறப்பை வரைந்து கொடுத்தேன். உரிமையாளர் தரப்பு ஒப்புக்கொண்டது, ராத்திரி பத்து மணிக்குப் பூட்டுவோம் என்ற நிபந்தனையோடு. அந்த வாசலுக்கு வாட்ச்மேன் சம்பளம் யார் கொடுப்பது என்பதில் பேச்சு நிற்கிறது.