கோலாலம்பூரில் தன்னார்வலர்: ஒரு வங்கிக் கணக்கு படுத்திய பாடு

தஞ்சாவூரிலிருந்து வந்து, செந்தூல் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் ஒரு குறையும் இல்லை, பிள்ளைகள் தங்கம். என்னைப் பாடாய்ப் படுத்தியது தங்க ஓர் அறையும் ஒரு வங்கிக் கணக்கும்தான். அடுத்து வருகிறவர்களாவது அலையாமல் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

விசா வேலையை, நான் தன்னார்வலராக இருக்கும் இங்குள்ள அமைப்பே முடித்துவிட்டது. நமக்குக் கிடைப்பது தொழில்முறை வருகை பாஸ். அதிகபட்சம் 12 மாதம். நாமாக விண்ணப்பிக்க முடியாது. இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம் என்பதை வைத்து, "டூரிஸ்டா வந்து வேலையை ஆரம்பிச்சிருங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். சம்பளம் வாங்காவிட்டாலும் அது வேலைதான், சுற்றுலா அனுமதியில் அதற்கு இடமில்லை. வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் தளத்தை உடனே மூடிவிடுங்கள்.

அறை தேடிய நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது. இணைய விளம்பரங்களில் "சீனர்களுக்கு மட்டும்" என்று வெளிப்படையாகவே போட்டிருப்பார்கள். சரி, நம்மவர்களிடம் கேட்போம் என்று போனால், "வெளிநாட்டுக்காரங்களுக்குக் கொடுக்கிறதில்லம்மா" என்றார்கள். ஒருவர் மட்டும் ஒத்துக்கொண்டார், ஆனால் ஒப்பந்தம் எழுத மாட்டேன் என்றார். "எழுத்து எதுக்கும்மா, நாம நாமதானே?" முகவரிச் சான்று இல்லாமல் வங்கியில் கணக்குத் திறக்க முடியாது என்று அமைப்பில் சொல்லியிருந்ததால் வேண்டாம் என்று வந்துவிட்டேன். கடைசியில் என்னிடம் படிக்கும் ஒரு பையனின் பாட்டி, தன் வீட்டிலேயே ஓர் அறை காலியாக இருப்பதாகச் சொன்னார். அவருடைய மகன் முறையாக ஒப்பந்தம் எழுதி, வருமான வரி வாரியத்தில் முத்திரைத் தீர்வையும் கட்டிக் கையில் கொடுத்தார். அந்தத் தாள் இல்லாமல் எந்த அறைக்கும் பணம் கொடுக்காதீர்கள். முழு வீடு எடுத்தால் இரண்டு மாத முன்பணம், ஒரு மாத வாடகை, மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம் என்று கேட்பது இங்கே வழக்கம். அறைக்கு அதைவிடக் குறைத்துப் பேசலாம். நேரில் பார்ப்பதற்கு முன்பே புக்கிங் பணம் அனுப்பச் சொல்லும் முகவர் பக்கமே போக வேண்டாம்.

இப்போது வங்கி. எந்த வங்கி என்று சொல்லப்போவதில்லை, எங்கும் நடக்கக்கூடியதுதான். பாஸ்போர்ட், பாஸ், வாடகை ஒப்பந்தம், அமைப்பின் கடிதம் எல்லாம் கொண்டுபோனேன். கவுன்டரில் இருந்தது நம் தமிழ்ப் பெண்தான். கடிதத்தையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "கடிதத்துல ஏ/பி போட்டு அப்பா பேரு இருக்கு, பாஸ்போர்ட்ல உங்க பேரு மட்டும்தானே இருக்கு? ரெண்டும் ஒரே ஆளுன்னு நான் எப்படி எடுத்துக்கிறது?" இங்குள்ள தமிழர்களின் அடையாள அட்டையில் ஆணுக்கு ஏ/எல், பெண்ணுக்கு ஏ/பி என்று போட்டு அப்பா பெயர் வரும். அமைப்பு அலுவலகத்து அக்கா அந்தப் பழக்கத்திலேயே கடிதத்தைத் தட்டச்சு செய்துவிட்டார். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி, நம்மில் பலருக்கும் அப்படித்தான். கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் தனியாக அச்சாகியிருக்கிறது, ஒரு நிமிஷம் திருப்பிப் பாருங்கள் என்று கெஞ்சினேன். அவர் திருப்பவே இல்லை.

பெயரைத் திருத்திய கடிதத்தோடு மறுபடி போனேன். "சாப் எங்கே?" அமைப்பின் ரப்பர் முத்திரையைத்தான் கேட்டார். முதல் கடிதத்திலும் சாப் இல்லை, அப்போது வாய் திறக்கவில்லை. சாப் குத்திக்கொண்டு போனால், சம்பளச் சீட்டு கேட்டார். தன்னார்வலருக்கு ஏது சம்பளச் சீட்டு? குறைகளை எல்லாம் ஒரே தடவையில் சொல்லியிருந்தால் என் வகுப்புகள் தள்ளிப்போயிருக்காது. வெயிலில் நடந்ததைவிட, நம் மொழி பேசுகிறவரே கண்ணை நிமிர்த்திப் பார்க்காமல் தாளைத் தள்ளியதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பாட்டியின் மகன்தான் வழி சொன்னார்: "உங்க அமைப்புக்குக் கணக்கு எந்தக் கிளையில இருக்கோ, அங்க போங்க." போனேன். அங்கே ஒரு மலாய்க்கார அதிகாரி கடிதத்தை முழுசாகப் படித்தார், பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தை அவரே திருப்பினார், எந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று விசாரித்தார். மாதப்படி எவ்வளவு, யார் தருகிறார்கள் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். வாட்ஸ்அப்பில் சொன்னதும் அமைப்பிலிருந்து ஆள் வந்து அங்கேயே சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். ஒரு மணி நேரத்துக்குள் கணக்கு, கையில் கார்டு! வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டு, பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி கத்தினேன்.

ஆகவே கடிதம்தான் உயிர். அமைப்பின் பெயர் அச்சிட்ட தாளில் இருக்க வேண்டும். பெயர் பாஸ்போர்ட்டில் எப்படியோ எழுத்துக்கு எழுத்து அப்படியே. பாஸ்போர்ட் எண், இங்குள்ள முகவரி, எந்தத் தேதியிலிருந்து எதுவரை வேலை, மாதப்படி, கையெழுத்து, சாப். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே வரைவை அனுப்பச் சொல்லி நீங்களே ஒரு தடவை சரிபாருங்கள்.

கணக்கு வரும்வரை டச் என் கோ கைப்பேசிப் பணப்பை என்னைக் காப்பாற்றியது. பாஸ்போர்ட்டைக் காட்டியே அதைச் சரிபார்த்துக்கொள்ளலாம், சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகளில்கூட கியூஆர் இருக்கிறது. அதே பெயரில் உள்ள அட்டை ஒன்றையும் முதல் நாளே வாங்கிவிடுங்கள். ரேபிட் கேஎல் பேருந்தில் ரொக்கம் வாங்குவதில்லை. 50 ரிங்கிட்டுக்கு 30 நாள் எவ்வளவு வேண்டுமானாலும் பயணம் செய்யலாம் என்று எல்லோரும் சொல்லும் மை50 பாஸ் குடிமக்களுக்கு மட்டும்தான். ஆசையாக வரிசையில் நின்றேன், கவுன்டரில் ஐசி, அதாவது மலேசிய அடையாள அட்டை, கேட்டார்கள். மாதச் செலவுக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

பத்துமலை வழித்தடத்துக் கொமியூட்டர் ரயிலில் பெண்களுக்கென்று தனிப்பெட்டி இருக்கிறது, இரவில் பெரிய நிம்மதி. ஆனால் ஒரு வண்டியை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்து மாமாக் கடைதான் (இந்திய முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை) கதி. அங்கே தே (டீ) என்றால் கெட்டிப்பால் ஊற்றித் தித்திப்பாக வரும். பாலும் சீனியும் வேண்டாம் என்றால் 'தே ஓ கோசோங்' என்று கேளுங்கள்.