பெக்கி ஆஷ்கிராஃப்ட்
நேற்று ராத்திரி மறுபடியும் 'த 39 ஸ்டெப்ஸ்' பார்த்தேன். 1935இல் ஹிட்ச்காக் எடுத்த படம். அதில் ஸ்காட்லாந்துக் குடியானவனின் இளம் மனைவியாக ஆங்கில நடிகை பெக்கி ஆஷ்கிராஃப்ட் வருவது சில நிமிடங்கள்தான். போலீசுக்குப் பயந்து ஓடிவந்தவனிடம் கணவனுடைய கோட்டைக் கொடுத்துத் தப்ப வைக்கிறாள். அடி விழும் என்று தெரிந்தே கொடுக்கிறாள். அந்தக் கண்களை மறக்கவே முடியவில்லை.

1907இல் லண்டனை ஒட்டிய கிராய்டனில் பிறந்தவர். 22 வயதில் ஷேக்ஸ்பியர் நாடகத்தில் பால் ராப்சனின் ஒத்தெல்லோவுக்கு மனைவி டெஸ்டிமோனாவாக நடித்தார். கறுப்பின நடிகரோடு வெள்ளைக்காரப் பெண் மேடையில் முத்தமிடுவதா என்று 1930இல் லண்டனில் பலர் கொதித்தார்கள். வசைக் கடிதங்கள் வந்தன. அவர் அசரவில்லை. எனக்கு அவர்மேல் மரியாதை பிறந்ததே இதனால்தான்.

ஐம்பது வயதைத் தாண்டி, ஷேக்ஸ்பியரின் சரித்திர நாடகங்களைத் தொகுத்த 'வார்ஸ் ஆஃப் த ரோசஸ்' நாடக வரிசையில் அரசி மார்கரெட்டை இளம்பெண்ணிலிருந்து பழுத்த கிழவிவரை ஒரே ஆளாக நடித்துக் காட்டினார். மேடைதான் அவருக்கு வீடு, சினிமா அவ்வப்போதுதான்.

ஆனாலும் 77 வயதில் ஆஸ்கர் அவரைத் தேடி வந்தது. டேவிட் லீனின் 'எ பேசேஜ் டு இந்தியா'வில் இந்தியாவுக்கு வரும் ஆங்கில மூதாட்டி மிஸஸ் மூர் வேடத்துக்கு. அதில் குகைகளை நோக்கி மலையேறும் ரயில் வேறெதுவும் இல்லை, நம் நீலகிரி ரயில்தான்! அடுத்த முறை குன்னூர் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த அம்மாவை நினைத்துக்கொள்வேன்.